சங்கக் கடிதம் திரும்பி வருவது ஏன்?

"குழு முகவரிக்கு விலைப் பட்டியல் அனுப்பினேன், பாதிப் பேருக்குப் போய்ச் சேரவில்லை" என்று வணிகர் சங்கங்களில் குறைபட்டுக்கொள்வதைக் கேட்கிறோம். ஒரே முகவரிக்கு எழுதினால் உறுப்பினர் அனைவருக்கும் போகும் ஏற்பாடுதான் குழு முகவரி. அன்றைய விலை பக்கத்துக் கடைக்குத் தெரிந்து நமக்குத் தெரியாவிட்டால் நட்டம் யாருக்கு?

ஆலையில் தைத்து முத்திரையிட்ட அரிசி மூட்டையை நினைத்துக்கொள்ளுங்கள். ஆலை சொன்ன லாரியில் வந்ததா, முத்திரை கலையாமல் இருக்கிறதா என்று பார்த்துத்தானே இறக்குகிறோம்? மின்னஞ்சலில் லாரியைப் பார்ப்பது எஸ்.பி.எஃப்.; முத்திரையைப் பார்ப்பது டி.கே.ஐ.எம். இரண்டில் ஒன்றாவது தேறி, அனுப்புநர் முகவரியோடு பொருந்த வேண்டும். இல்லையேல் கடிதத்தை என்ன செய்வது என்று முகவரிக்குரிய நிறுவனம் முன்கூட்டியே அறிவித்து வைப்பது டிமார்க்.

குழு முகவரியோ நடுவில் நிற்கும் தரகர். கடிதத்தைத் தன் கணினியிலிருந்து அனுப்புகிறது, லாரி மாறிவிட்டது. தலைப்பில் சங்கத்தின் பெயரையும் அடியில் இரண்டு வரியையும் சேர்க்கிறது, முத்திரையும் உடைந்தது. 2014 ஏப்ரலில் யாகூ, தன் முகவரியில் வந்து சோதனையில் தேறாத கடிதங்களை நிராகரிக்கும்படி அறிவித்தபோது உலகெங்கும் இத்தகைய குழுக்கள் தடுமாறின. எழுதியவர் யாகூக்காரர், பட்டியலிலிருந்து நீக்கப்பட்டவர்களோ ஜிமெயில் போன்ற வேறு இடங்களில் கடிதம் பெற்றவர்கள்! கடிதம் பலமுறை திரும்பியதால், அவர்கள் முகவரியே செல்லாது என்று இயந்திரம் முடிவுகட்டிவிட்டது.

பெரிய பட்டியல்களுக்கும் கைகொடுக்கும் வழி, அனுப்புநர் இடத்தில் குழு முகவரியையே போட்டு, பக்கத்தில் எழுதியவர் பெயரைக் குறித்து, சங்கத்தின் சொந்த முத்திரையை இடுவது. மெயில்மேன் மென்பொருளில் இவ்வசதி உண்டு. பதில் யாருக்குப் போகும் என்பதை மட்டும் அமைப்பில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஒருவருக்கு மட்டும் சொன்ன விலை ஊருக்கே போய்விடக் கூடாது. தலைப்பையும் உள்ளடக்கத்தையும் தொடாமல் அனுப்பினால் பழைய முத்திரையே பெரும்பாலும் நிற்கும். 2019-இல் வெளியான ஆர்க் முறையில், வாங்கியபோது முத்திரை சரியாக இருந்தது என்று தரகரே குறிப்பெழுதி அனுப்பலாம். ஆனால் பெறுபவர் அந்தத் தரகரை நம்பினால்தான் பயன்.

2024 பிப்ரவரி முதல், நாளொன்றுக்கு 5000 கடிதங்களுக்கு மேல் ஜிமெயிலுக்கு அனுப்புவோர் மூன்றையும் வைத்திருக்க வேண்டும். குறைவாக அனுப்புவோருக்கு முதல் இரண்டில் ஒன்றாவது தேவை. சங்கக் கடிதம் ஒன்றை ஜிமெயிலில் திறந்து அதன் மூல வடிவத்தைப் பாருங்கள். மூன்றும் தேறினவா என்று மேலேயே காட்டும். தேறாததைக் குறித்துக்கொண்டு, குழு முகவரியை அமைத்துக் கொடுத்தவரிடம் காட்டுங்கள்.