மாதிரி என்னும் சொல்

உலையிலிட்ட அரிசி வெந்ததா என்று அறிய விரும்பும் தாய் பானை முழுவதையும் கொட்டிப் பார்ப்பதில்லை. ஒரு பருக்கையை எடுத்து விரலால் நசுக்கிப் பார்க்கிறாள். நெல் வணிகரும் மூட்டையைக் குத்தூசியால் குத்திக் கைப்பிடி நெல்லை எடுத்தே அதன் தரத்தை மதிப்பிடுகின்றனர். முழுமையை அறிவதற்காக இவ்வாறு எடுக்கப்படும் சிறு பகுதிக்கு மாதிரி என்பது பெயர். ஆங்கிலத்தில் இதனைச் சாம்பிள் என்பர். இந்த எளிய சொல் கணிப்பொறி வல்லாரிடத்தும் இசைக் கலைஞரிடத்தும் சென்று சேர்ந்து, இரு வேறு பொருள்களைப் பெற்றுவிட்டது. இருவரும் ஒரே கருவியின் முன் அமர்ந்து உரையாடும்போதும், ஒருவர் கருதும் மாதிரி வேறு. மற்றவர் கருதும் மாதிரி வேறு.

முதலில் கணிப்பொறி வல்லார் கொண்ட பொருளைக் காண்போம். வீணையின் தந்தியை மீட்டினால் அது அதிர்கிறது. அவ்வதிர்வால் காற்றின் அழுத்தம் இடையறாது ஏறியும் இறங்கியும் அலையாகப் பரவிச் செவியை அடைகிறது. கணிப்பொறியோ எண்களையன்றி வேறொன்றும் அறியாதது. ஆகவே, ஒலிவாங்கி அந்த அலையை மின்னலையாக மாற்றித் தர, அதன் உயரத்தைக் குறித்த கால இடைவெளிகளில் அளந்து எண்ணாக எழுதிக்கொள்கின்றனர். மருத்துவமனையில் நோயாளியின் உடல்வெப்பத்தை மணிக்கொரு முறை அளந்து அட்டையில் புள்ளியிடுவதைப் போன்றதே இதுவும். இவ்வாறு அளந்த ஒவ்வோர் எண்ணும் ஒரு மாதிரி ஆகும். 1982 ஆம் ஆண்டில் ஜப்பானில் முதன்முதலாக விற்பனைக்கு வந்த இசைக் குறுந்தகட்டில், ஒரு வினாடிக்கு 44,100 மாதிரிகள் பதிவாயின. அதுவும் இடச்செவிக்கும் வலச்செவிக்கும் தனித்தனியே.

இங்கே ஓர் ஐயம் எழுவது இயல்பு. ஓர் அளவுக்கும் அடுத்த அளவுக்கும் இடையே நிகழ்ந்தவை யாவும் தப்பிப் போகாவோ? தப்பிப் போவதும் உண்டு என்பதைத் திரைப்படம் காண்போர் அறிவர். விரைந்து ஓடும் வண்டியின் சக்கரம் திரையில் சில வேளைகளில் பின்னோக்கிச் சுழல்வதுபோல் தோன்றும். திரைப்படக் கருவி வினாடிக்கு 24 படங்களையே எடுக்கிறது. ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையே சக்கரத்தின் ஓர் ஆரம், தனக்கு முன்னிருக்கும் ஆரத்தின் இடத்தை ஏறத்தாழ எட்டிவிட்டால், அது சற்றுப் பின்வாங்கியதாகவே கண் கொள்ளும். படங்கள் பொய் சொல்லவில்லை. அவற்றின் எண்ணிக்கைதான் போதவில்லை.

அவ்வாறாயின் எத்தனை மாதிரிகள் போதும்? அமெரிக்காவில் பெல் நிறுவனத்தின் ஆராய்ச்சிப் பணியில் இருந்த ஹாரி நைக்குவிஸ்டு 1928 இல் எழுதிய கட்டுரை இவ்வினாவுக்கு வழிகாட்டியது. 1949 இல் கிளாடு ஷானன் அதனைத் தெளிவாக நிறுவிக் காட்டினார். ஓர் ஒலியில் உள்ள மிக விரைந்த அதிர்வின் எண்ணிக்கையைப் போல் இரு மடங்குக்கு மேல் மாதிரிகள் எடுத்தால், அவற்றிலிருந்து மூல அலையை முழுமையாக மீட்கலாம் என்பதே அவர்தம் முடிவு. இடைவெளிகளில் அலை எவ்வாறு சென்றது என்பதும் ஐயமின்றிக் கிடைத்துவிடுகிறது. கேட்போருக்கு இது வியப்பளிக்கும். ஆயினும் இது கணிதத்தால் மெய்ப்பிக்கப்பட்டது. மனிதச் செவி வினாடிக்கு ஏறத்தாழ 20,000 அதிர்வுகள் வரையே உணரும். அதன் இரு மடங்கு 40,000. குறுந்தகட்டின் எண் அதற்குச் சற்று மேலே நிற்பதன் காரணம் இப்போது விளங்கும்.

வரம்புக்கு மேற்பட்ட ஒலி உள்ளே புகுந்துவிட்டால் சக்கரத்துக்கு நேர்ந்ததே ஒலிக்கும் நேரும். 30,000 அதிர்வுள்ள ஒலி மனிதச் செவிக்குக் கேளாது. ஆனால் 44,100 மாதிரிகளுக்குள் அது அகப்பட்டால், 14,100 அதிர்வுள்ள பொய்யொலியாக உருமாறிக் கேட்கத் தொடங்கும். இதனால்தான் அளப்பதற்கு முன்னரே அத்தகைய ஒலிகளை வடிகட்டி நீக்கிவிடுகின்றனர்.

இனி, இசைக் கலைஞர் கொண்ட பொருள். ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் பீட்டர் வோகல், கிம் ரைரி என்னும் இருவர் கணிப்பொறியால் இயங்கும் இசைக்கருவி ஒன்றை ஆக்க முயன்றனர். இயற்கைக் கருவிகளின் நாதத்தைக் கணக்கிட்டே உண்டாக்கும் முயற்சி அவர்களுக்கு எளிதில் கைகூடவில்லை. ஒருநாள் வோகல், வானொலியில் கேட்ட பியானோ இசையில் ஒரு வினாடி அளவைக் கருவியில் பதிவு செய்து, அதனை விசைப்பலகையால் வெவ்வேறு சுருதிகளில் ஒலிக்கச் செய்தார். கணக்கிட்டுப் பெற முயன்ற நாதத்தைவிட அது இயற்கையாக இருந்தது. 1979 இல் வெளிவந்த அக்கருவிக்கு ஃபேர்லைட் என்பது பெயர். அவ்வாறு பதிந்தெடுத்த ஒலித்துண்டு முழுவதையும் அவர்கள் சாம்பிள் என்றே அழைத்தனர். அன்றுமுதல் பொறியாளரின் மாதிரிகள் ஆயிரக்கணக்கில் சேர்ந்து கலைஞரின் ஒரு மாதிரி ஆயிற்று. பெயர் புதிதாயினும் செயல் பழையதே. பதிவு செய்த ஒலிகளைத் தொடுத்து இசையாக்கும் முறையைப் பாரிஸ் நகரத்துப் பியர் ஷேஃபர் 1948 இலேயே கையாண்டார்.

பின்னர்க் கருவிகள் மலிந்தன. நியூயார்க் முதலிய நகரங்களின் இளைஞர் பழைய இசைத்தட்டுகளிலிருந்து துண்டுகளை எடுத்துப் புதிய பாடல்களை அமைத்தனர். அப்போதுதான் முன்பு எழாத வினா ஒன்று எழுந்தது. மின்னலையின் ஓர் அளவுக்கு உடைமையாளர் எவருமில்லை. பிறர் வாசித்த இசையின் துண்டுக்கோ உடைமையாளர் உண்டு. 1991 இல் நியூயார்க்கு நீதிமன்றம் ஒன்று, இசைவு பெறாமல் துண்டை எடுத்தாள்வது குற்றம் என்று தீர்ப்பளித்தது. அதன்பின் பெரிய நிறுவனங்கள் இசைவும் கட்டணமும் இன்றி மாதிரிகளைப் பயன்படுத்த அஞ்சின.

அத்தீர்ப்பால் பயன் பெறாதவரும் உளர். 1969 இல் அமெரிக்காவின் வின்ஸ்டன்ஸ் என்னும் குழுவினர் 'ஆமென், பிரதர்' என்ற இசையைப் பதிவு செய்தனர். அதன் நடுவே மற்றக் கருவிகள் யாவும் அடங்க, கிரெகரி கோல்மன் என்பவர் தனித்து முரசு முழக்குகிறார். அம்முழக்கம் ஏறத்தாழ 7 வினாடி நீடிக்கிறது. அத்துண்டு பிற்காலத்தில் ஆயிரக்கணக்கான பாடல்களில் எடுத்தாளப்பட்டது. இங்கிலாந்தில் புதிய இசைவகையே அதன்மீது எழுந்தது. குழுத்தலைவர் ரிச்சர்டு ஸ்பென்சருக்குப் பல்லாண்டுகள் ஒரு காசும் வரவில்லை. 2015 இல் இங்கிலாந்தைச் சேர்ந்த இருவரின் முயற்சியால் பொதுமக்களிடம் திரட்டிய 24,000 பவுன் அவரிடம் சேர்க்கப்பட்டது. கோல்மன் அதற்கு முன்னரே, 2006 இல், வறுமையில் இறந்துவிட்டார். அவர் முழக்கிய அந்த 7 வினாடியைக் குறுந்தகட்டில் ஒரு செவிக்கு மட்டும் பதித்தால் பொறியாளர் கணக்கில் அது 3,08,700 மாதிரிகள். கலைஞர் கணக்கில் ஒன்று.