குப்பியும் கோர்ட்டும் – 7
ஒரு சொல்லுக்கு விழுந்த அபராதம்

காஞ்சிபுரம் மாவட்டம் சுங்குவார்சத்திரத்தில் தயாரான கோல்ட்ரிஃப் இருமல் மருந்தில் 48.6 சதவீதம் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நஞ்சு இருந்ததையும், 2025-ல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா பகுதியில் குழந்தைகள் இறந்ததையும் சென்ற வாரம் பார்த்தோம். அந்தக் குடும்பங்கள் யாரிடம் எப்படி இழப்பீடு கேட்கலாம் என்பதை இந்த வாரம் சொல்வதாக இருந்தது. அதற்கு முன், இதே நஞ்சுக்காக அமெரிக்காவில் நடந்த வழக்கு ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும்.

1937. தொண்டை அழற்சி முதல் பல கிருமித் தொற்றுகளுக்கு சல்ஃபானிலமைடு மாத்திரை அற்புத மருந்தாகப் பேசப்பட்ட காலம். குழந்தைகள் குடிக்கும்படி அது திரவமாகக் கிடைத்தால் நன்றாக விற்கும் என்று, டென்னசி மாநிலத்து மாசென்கில் கம்பெனிக்கு அதன் விற்பனையாளர்களிடமிருந்து தகவல் வந்தது. ஆனால் அந்த மருந்து வழக்கமான திரவங்களில் எளிதில் கரையவில்லை. கம்பெனியின் தலைமை வேதியியலாளர் ஹரால்ட் வாட்கின்ஸ் அதை டைஎத்திலீன் கிளைக்காலில் கரைத்தார். ராஸ்பெர்ரி சுவை சேர்த்தார்கள். நிறம், மணம், ருசி மூன்றையும் பரிசோதித்தார்கள். குடித்தால் என்ன ஆகும் என்பதை மட்டும் பரிசோதிக்கவில்லை. பரிசோதிக்கச் சொல்லி அன்றைய சட்டத்தில் ஒரு வரிகூட இல்லை.

செப்டம்பரில் மருந்து கடைகளுக்குப் போனது. அக்டோபரில் ஓக்லஹோமாவின் டல்சா நகரத்து டாக்டர்கள் அபாயக் குரல் எழுப்பினார்கள். மருந்து குடித்தவர்களுக்குச் சிறுநீர் நின்றது. வயிற்று வலி, வாந்தி, வலிப்பு. ஒன்றிலிருந்து மூன்று வாரம் வரை துடித்து இறந்தார்கள். மொத்தம் 100 பேருக்கு மேல். அவர்களில் பலர் குழந்தைகள்.

அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம் தன் களப் பணியாளர்கள் அனைவரையும் தெருவில் இறக்கியது. தயாரானது 240 காலன்; அதில் 234 காலனை மீட்டார்கள். ஒரு டாக்டர் தன் கல்யாணத்தையே தள்ளிவைத்துவிட்டு, மருந்துச் சீட்டோடு மலைப்பகுதிக்குக் குடிபோன ஒரு குடும்பத்தின் மூன்று வயதுப் பையனைத் தேடி அதிகாரிகளோடு போனார். இன்னொரு வீட்டில் ஒரு பெண், மருந்தை அழித்துவிட்டதாகச் சொன்னார். எப்படி என்று கேட்டபோது, ஜன்னல் வழியாகச் சந்தில் வீசியதாகப் பதில் வந்தது. அதிகாரி போய்ப் பார்த்தார். பாட்டில் உடையாமல், லேபிள் கிழியாமல் அங்கேயே கிடந்தது. எடுத்துக் குடிக்கும் எந்தக் குழந்தையையும் கொல்லும் அளவுக்கு மருந்தும் உள்ளே மிச்சமிருந்தது.

இத்தனை வேகமாக அரசு மருந்தைப் பறிமுதல் செய்ய முடிந்ததற்கு என்ன காரணம்? அது நஞ்சு என்பதால் இல்லை. 1906-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பாதுகாப்பற்ற மருந்தை விற்பது குற்றமே கிடையாது. ஆனால் லேபிளில் பொய் எழுதுவது குற்றம். லேபிளில் 'எலிக்ஸிர் சல்ஃபானிலமைடு' என்று அச்சிட்டிருந்தார்கள். எலிக்ஸிர் என்றால் ஆல்கஹால் கலந்த மருந்து என்பது மருத்துவ வழக்கு. இதில் ஆல்கஹால் இல்லை. அந்தப் பிழை ஒன்றுதான் சட்டத்தின் கைக்குக் கிடைத்த பிடி. எலிக்ஸிர் என்பதற்குப் பதில் 'கரைசல்' என்று அச்சிட்டிருந்தால், அந்தப் பிடியும் இருந்திருக்காது.

1938-ல் கம்பெனி 174 குற்றச்சாட்டுகளை ஒப்புக்கொண்டது. ஒன்றுக்கு 150 டாலர். மொத்த அபராதம் 26,100 டாலர். அந்தச் சட்டத்தின் கீழ் அதுவரை யாருக்கும் அவ்வளவு பெரிய அபராதம் விதிக்கப்பட்டதில்லை. அந்த 174-க்கும் இறந்தவர்களின் எண்ணிக்கைக்கும் சம்பந்தம் இல்லை. அபராதம் அரசு கஜானாவுக்குப் போனது. பிள்ளையைப் பறிகொடுத்த தாய்க்கு அதில் ஒரு சென்ட்கூடப் பாத்தியதை இல்லை. கம்பெனி அதிபரோ, தங்கள் மேல் பொறுப்பே இல்லை என்றார். வாட்கின்ஸ் தற்கொலை செய்துகொண்டார்.

ஐந்து ஆண்டுகளாக இழுத்தடிக்கப்பட்ட புதிய மருந்துச் சட்டம் 1938 ஜூன் 25 அன்று ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டின் கையெழுத்தைப் பெற்றது. பாதுகாப்பானது என்று காட்டாமல் புது மருந்தை விற்க முடியாது என்ற விதி அன்றுதான் பிறந்தது.

இங்கே இன்னொருவரைச் சொல்லாமல் நகர முடியாது. அந்த நஞ்சைப் பிராணிகளுக்குக் கொடுத்துச் சோதித்தது சிகாகோ பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் கைலிங்கின் ஆய்வுக்கூடம். அங்கே உதவியவர் ஓர் இளம் மாணவி, பிரான்சிஸ் ஓல்டம். பெயரை வைத்து ஆண் என்று எண்ணிய பேராசிரியர், 'திரு. ஓல்டம்' என்று விளித்துத்தான் இடம் கொடுத்திருந்தார். திருமணத்துக்குப் பின் பிரான்சிஸ் கெல்சி ஆன அதே பெண், 1960-ல் மருந்து நிர்வாகத்தில் சேர்ந்து, தாலிடோமைடு என்ற மருந்துக்கு அமெரிக்காவில் அனுமதி தர மறுத்தார். கர்ப்பிணிகள் அதைச் சாப்பிட்ட மற்ற நாடுகளில் கை கால் வளராமல் ஆயிரக்கணக்கான குழந்தைகள் பிறந்தன.

இந்தியச் சட்டத்தில் இன்று பிடிகள் கூடுதலாகவே இருக்கின்றன. கலப்பட மருந்தால் மரணம் நேர்ந்தால், மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டத்தின் 27-ஆம் பிரிவுப்படி குறைந்தது 10 ஆண்டுச் சிறை, குறைந்தது 10 லட்சம் ரூபாய் அபராதம். 2008-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி அந்த அபராதத்தொகை பாதிக்கப்பட்டவருக்கோ, அவர் இறந்துவிட்டால் உறவினருக்கோ இழப்பீடாகப் போய்ச் சேர வேண்டும். 1938-ல் அந்தத் தாய்மார்களுக்குக் கிடைக்காத உரிமை அது. இது போக, 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் பொருள் பொறுப்பு என்று தனி அத்தியாயமே உண்டு. அதையும், ஜம்முவின் ராம்நகரில் இருமல் மருந்துக்கு 12 குழந்தைகளை இழந்த பெற்றோர் தலா 3 லட்சம் ரூபாய்க்குப் போராடிய கதையையும் அடுத்த வாரம் பார்ப்போம்.

அதுவரை ஒன்றை மனதில் வையுங்கள். மருந்து குடித்த குழந்தைக்குச் சிறுநீர் குறைந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். மிச்ச மருந்தை வீசிவிடாதீர்கள். பாட்டிலை மூடி, குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். பேட்ச் எண் தெரியும்படி லேபிளைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கடை பில்லையும் டாக்டர் சீட்டையும் பத்திரப்படுத்துங்கள். வழக்கு என்று வந்தால், உங்கள் பக்கத்துச் சாட்சி அவைதான்.