கணினியில் இருமும் ஸ்பிட்ஃபயர்

கோடை விடுமுறைக்கு வந்திருந்த பேரன் கணினியில் போர் விமானம் ஓட்டிக் கொண்டிருந்தான். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டன் பயன்படுத்திய ஸ்பிட்ஃபயர். 2011-ல் வெளியான 'கிளிஃப்ஸ் ஆஃப் டோவர்' என்ற விளையாட்டு. எதிரி விமானம் மூக்கைக் கவிழ்த்துக் கீழே பாய்ந்தது. இவனும் கைப்பிடியை முன்னே தள்ளினான். எஞ்சின் இருமி அடங்கிவிட்டது.

"கேம்ல ஏதோ கோளாறு தாத்தா" என்றான்.

கோளாறு விளையாட்டில் இல்லை. 1940-ல் பறந்த அசல் விமானத்திலேயே இருந்தது.

நம் வீட்டு ஃப்ளஷ் தொட்டியில் மிதக்கும் பந்தைப் பார்த்திருப்பீர்கள். தண்ணீர் ஏறினால் பந்து உயர்ந்து குழாயை அடைக்கும். ஸ்பிட்ஃபயரின் மெர்லின் எஞ்சினுக்குப் பெட்ரோல் ஊட்டிய கார்புரேட்டரிலும் இப்படி ஒரு மிதவை உண்டு. ராட்சத ராட்டினம் உச்சியிலிருந்து இறங்கும்போது நம் வயிறு மேலே எழும்புகிறதல்லவா? விமானம் சட்டென்று மூக்கைக் கவிழ்த்தால் பெட்ரோலும் அப்படியே மேலே எழும்பிவிடும். முதலில் எஞ்சினுக்குப் பட்டினி. அடுத்த நொடியே மிதவை ஏமாந்து வழி திறந்துவிட, அளவுக்கு மீறிய பெட்ரோல். கரும்புகை கக்கி மூச்சுத் திணறும். ஜெர்மானியரின் மெஸ்ஸர்ஷ்மிட் 109-க்கு இந்தத் தொல்லை இல்லை. நம் ரயில்வே டீசல் எஞ்சின் போலவே அதில் எரிபொருள் நேராக சிலிண்டருக்குள் பீச்சப்பட்டது. ஆகவே பிரிட்டிஷ் விமானிகள் முதலில் விமானத்தை மல்லாக்கப் புரட்டி, பிறகே பாய்வார்கள். அதற்குள் எதிரி தப்பிவிடுவான்.

தீர்வு கண்டவர் ஃபார்ன்பரோ விமான ஆய்வு நிலையத்துப் பொறியாளர் பியாட்ரிஸ் ஷில்லிங் அம்மையார். 1934-லேயே புரூக்லண்ட்ஸ் பந்தயத் தடத்தில் மணிக்கு 100 மைலுக்கு மேல் மோட்டார் சைக்கிள் ஓட்டிக் காட்டியவர்! 1941-ல் அவர் கொடுத்தது வாஷர் போன்ற சிறு உலோகத் துண்டு, நடுவே கணக்கிட்ட ஒரு துளை. எஞ்சினின் முழு வேகத்துக்கு எவ்வளவு பெட்ரோல் வேண்டுமோ அதற்கு மேல் போகாது. விமானத்தைப் பட்டறைக்கு அனுப்பாமல் விமானத் தளத்திலேயே மாட்டிவிடலாம். நோயை அடியோடு தீர்க்கவில்லை, உயிர்க்கொல்லியான பாதியைத் தீர்த்தது. புதுவகைக் கார்புரேட்டர்கள் பின்னால் வந்தன.

தில்லி பாலம் விமானப்படை அருங்காட்சியகத்தில் ஒரு ஸ்பிட்ஃபயரைப் பல ஆண்டுகளுக்கு முன் பார்த்தேன். பின்னாளைய ரகம். இறக்கையின் வளைவில் கண் நின்றுவிட்டது. ஆனால் நிற்கிற விமானம் இருமாது. அதன் குணத்தைப் பழைய கையேடுகளிலும் சோதனைப் பறப்பு அறிக்கைகளிலும் தேடி, கணக்காக்கிக் கணினியில் ஏற்ற வேண்டியிருக்கிறது. வெளித்தோற்றத்தை வரைவது அதைவிடச் சுலபம். பெட்ரோல் வாடையும் கழுத்தை அழுத்தும் பாரமும் கணினியில் வராதுதான். எங்கள் ஷெட்டில் ஒவ்வொரு நீராவி எஞ்சினுக்கும் ஒரு முரண்டு உண்டு. பழைய டிரைவர்களுக்கு அது அத்துப்படி. எஞ்சின்களின் வரைபடங்கள் இன்றும் கிடைக்கும். அந்த முரண்டுகளை யாரும் எழுதி வைக்கவில்லை.

இத்தகைய விளையாட்டுகளில் சிரமங்களை நீக்கிக்கொள்ளும் வசதியும் உண்டு. பேரன் அதைத் தேடினான். "வேண்டாம்டா, மல்லாக்கப் புரட்டிப் பார்" என்றேன். நாலாவது தடவை எஞ்சின் அடங்காமல் பாய்ந்தது. எதிரி மட்டும் அதற்குள் கடலைத் தாண்டியிருந்தான்.