எந்தக் கடற்கரை, எந்த மாதம்?

நாட்டின் வரைபடத்தில் கடற்கரை ஒரே கோடாகத் தோன்றுகின்றது. குஜராத்தில் தொடங்கிக் குமரிமுனையைச் சுற்றி வங்காளம் வரை செல்லும் அக்கோடு, தீவுகளின் கரைகளையும் சேர்த்து, அண்மைக்கால அளவீட்டின்படி 11,000 கிலோமீட்டருக்கு மேல் நீள்வது. ஆயினும் இயற்கையில் அது ஒரே கரை அன்று. ஓரிடத்தில் ஏரிபோல் அடங்கிக் கிடக்கும் கடல், மற்றோரிடத்தில் ஆளை உருட்டித் தள்ளுகின்றது. ஒரே ஊரிலும் தை மாதத்துக் கடல் வேறு, ஆடி மாதத்துக் கடல் வேறு. ஆகவே, எந்தக் கடற்கரை சிறந்தது என்று வினவும் நேயர்கள் முதலில் விடை காண வேண்டிய கேள்விகள் இரண்டு உள. நாம் செல்வது எதற்காக? செல்லும் மாதம் எது? இவ்விரண்டையும் மறந்து, இடத்தின் புகழை மட்டும் நம்பிச் சென்று உயிரிழப்போர் ஆண்டுதோறும் உளர்.

முதலில் மாதத்தைக் கவனிப்போம். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று அரபிக்கடலைக் கலக்குகின்றது. அக்காலத்தில் கோவா, கர்நாடகம், கேரளம் ஆகியவற்றின் கரைகளில் நீந்தலாகாது. நவம்பர் முதல் பிப்ரவரி வரை அதே கடல் தணிந்து, நீந்துவோரை வரவேற்கின்றது. கிழக்குக் கரையின் கணக்கு வேறு. அக்டோபர், நவம்பர் மாதங்களில் வங்கக்கடலில் புயல்கள் மிகுதி. ஜனவரி முதல் மார்ச் வரை அக்கடல் பெரும்பாலும் அமைதியாக இருக்கும். மேற்கே செல்ல மார்கழியும் கிழக்கே செல்ல மாசியும் ஏற்றவை என்று நினைவிற் கொள்ளலாம்.

இனி, நோக்கத்திற்கு வருவோம். நீந்துவதற்கு வேண்டியவை மூன்று: மெதுவாகச் சரியும் மணல், இருபுறமும் நிலம் அணைத்து நிற்கும் வளைவு, கரையில் உயிர்காப்போர். தென்கோவாவிலுள்ள பாலோலம் பிறை வடிவான சிறு குடா. அதன் இரு முனைகளும் அலையின் வேகத்தைத் தடுத்துவிடுகின்றன. இலட்சத்தீவுகளில் கட்மத் தீவின் அருகே பவளப்பாறை அரணாய் நிற்க, அதன் உட்புறம் ஆழம் குறைந்த தெளிந்த நீர்ப்பரப்பு அமைந்துள்ளது. அந்தமானில், 2018-இல் சுவராஜ் தீவு எனப் பெயர் மாற்றம் பெற்ற ஹேவ்லாக் தீவின் ராதாநகர்க் கடற்கரை வெண்மணலுக்குப் பெயர்பெற்றது. ஆனால் அங்கும் எச்சரிக்கைப் பலகைகளைப் படித்தே இறங்குதல் வேண்டும். 2010-இல் அக்கரையை ஒட்டிய பகுதியில் உவர்நீர் முதலை தாக்கி அயல்நாட்டுப் பயணி ஒருவர் உயிரிழந்தார்.

இவற்றிற்கு நேர்மாறானது பூரி. ஜகந்நாதரைத் தரிசிக்கச் செல்வோர் கடலாடாமல் திரும்புவதில்லை. கடலோ வலிமை மிக்க அலைகளை உடையது. அதனாலன்றோ, கூம்பு வடிவத் தொப்பி அணிந்த நூலியா எனும் மீனவர்கள் யாத்திரிகரைக் கைபிடித்து நீராட்டும் வழக்கம் அங்கே தோன்றியது! பூரியின் ஒரு பகுதியும் ராதாநகரும் 2020-இல் நீலக்கொடிச் சான்று பெற்ற எட்டு இந்தியக் கடற்கரைகளுள் அடங்கும். அது நீரின் தரம், தூய்மை, பாதுகாப்பு வசதி ஆகியவற்றிற்கான சான்று. கடல் அடங்கிவிட்டது என்பதற்குச் சான்று அன்று.

நீந்துவோர் அனைவரும் அறிய வேண்டிய அபாயம் ஒன்றுண்டு. அலைகள் கரையில் கொணர்ந்து குவிக்கும் நீர் கடலுக்குத் திரும்பியாக வேண்டும். மணல் திட்டுகளின் இடையே பள்ளம் இருப்பின், அந்நீர் அவ்வழியே ஆறுபோல் ஒடுங்கி வேகமாகப் பாய்கின்றது. இதனைப் பின்னிழுக்கும் நீரோட்டம் எனலாம். சில வேளைகளில் அதன் வேகம் நொடிக்கு இரண்டு மீட்டரையும் எட்டும். தேர்ந்த நீச்சல்வீரரும் அதனை எதிர்த்துக் கரை சேர்தல் அரிது. இதன் வஞ்சகம் யாதெனில், பள்ளத்தில் ஆழம் மிகுதியாதலால் அங்கே அலை உடைவதில்லை. இருபுறமும் வெண்ணுரை பொங்க, நடுவில் மட்டும் நீர் அமைதியாகத் தோன்றும். புதியவர்கள் அதையே பாதுகாப்பான இடமெனக் கருதி இறங்குகின்றனர். அதில் அகப்பட்டவர் கரையை நோக்கிப் போராடாது, கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி ஓட்டத்தினின்று விலகி, பின்னர் அலைகளோடு கரை திரும்புதல் வேண்டும். அதற்கும் வலிமையற்றவர் மிதந்தபடியே கையை உயர்த்தி உதவி கோருதல் நன்று. அவ்வோட்டம் ஆளை அப்பால் இழுக்குமேயன்றி அடியில் அமிழ்த்துவதில்லை. அமிழ்த்துவன களைப்பும் அச்சமுமே.

வானம் தெளிந்த நாளிலும் கடல் பொங்குவதுண்டு. இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் வீசும் கடுங்காற்று எழுப்பும் நெடிய அலைகள் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கடந்து வந்து, இங்கே காற்றே இல்லாத நாளில் கரையேறுகின்றன. கேரள மீனவர் இதனைக் கள்ளக்கடல் என்பர். கள்வனைப்போல் முன்னறிவிப்பின்றி வருவதால் அப்பெயர். இன்று ஹைதராபாத்திலுள்ள இந்தியத் தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் அதனை முன்கூட்டியே கணித்து எச்சரிக்கின்றது. எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்த 2024 மே மாத நாளொன்றில், கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரையில் மருத்துவ மாணவர் ஐவர் அலையில் சிக்கி மாண்டனர். புறப்படுமுன் அம்மையத்தின் அறிவிப்பைக் கேட்டறிதல் எத்துணை இன்றியமையாதது என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

நீந்துவோர் விலக்கும் அலையையே அலைச்சறுக்கு ஆடுவோர் தேடிச் செல்கின்றனர். பலகையின்மேல் நின்று அலையோடு விரையும் இவ்விளையாட்டு, டோக்கியோவில் 2021-இல் நடந்த ஒலிம்பிக் போட்டிகளில் முதன்முறையாக இடம்பெற்றது. ஆழ்கடலில் வரும் அலை மணல்திட்டை நெருங்கும்போது அதன் அடிப்பகுதி வேகம் குறைய, முகடு முன்னே சாய்ந்து உடைகின்றது. அந்த உடைவு ஒழுங்காக நிகழும் இடமே இவ்விளையாட்டிற்கு உரியது. கர்நாடகத்தில் மங்களூருக்கு வடக்கேயுள்ள முல்கியும், சென்னைக்குத் தெற்கேயுள்ள மீனவர் ஊராகிய கோவளமும் இதற்குப் பெயர்பெற்றவை. கோவளத்தில் மீனவ இளைஞர்களே இக்கலையில் தேர்ந்து பிறர்க்குப் பயிற்றுவிக்கின்றனர். புதிதாகக் கற்போர் மணற்பாங்கான அடித்தளமும் இடுப்பளவு நீரும் உள்ள இடத்தில், பயிற்றுநர் அருகிருக்கத் தொடங்குதல் வேண்டும். நிலத்திலிருந்து மென்காற்று வீசும் காலைப்பொழுது இதற்கு ஏற்றது. பருவமழைக்காலத்துப் பேரலைகள் வல்லுநர்க்கு மட்டுமே உரியன.

உயிரினங்களைக் காணச் செல்வோர்க்கு நீந்தத் தகாத கரைகளே பெருவிருந்து அளிக்கின்றன. ஒடிசாவின் சாந்திப்பூரில் நீர் இறங்கும்போது கடல் ஏறக்குறைய ஐந்து கிலோமீட்டர் பின்வாங்குகின்றது. அச்சேற்றுப் பரப்பில் குதிரைலாட நண்டு முதலியவற்றைக் காணலாம். கட்ச் வளைகுடாவில், நாட்டின் முதல் கடல்சார் தேசியப் பூங்காவைச் சேர்ந்த நராராவில், நீரிறக்க வேளையில் பவளத்திட்டின்மீது நடந்தே எண்காலியையும் கடல் வெள்ளரியையும் பார்க்கலாம். அதற்கு வனத்துறையின் அனுமதி பெறுதல் வேண்டும். இவ்விரு இடங்களிலும் நீர் ஏறும் நேரத்தை அறியாது செல்லுதல் ஆபத்து.

தமிழ்நாட்டு மீனவர் பங்குனி ஆமை என வழங்கும் ஆலிவ் ரிட்லி ஆமைகள், பிப்ரவரி, மார்ச் மாதங்களில் ஒடிசாவின் ருஷிகுல்யா கழிமுகத்திலும் கஹீர்மாதாவிலும் இலட்சக்கணக்கில் கரையேறி முட்டையிடுகின்றன. சில ஆண்டுகளில் அவை திரளாக வராமற் போவதும் உண்டு. ஏறக்குறைய ஐம்பது நாட்களில் வெளிவரும் குஞ்சுகள், கடற்பக்கத்து வானின் ஒளியைக் குறியாகக் கொண்டே நீரை அடைகின்றன. நாம் ஏந்தும் கைவிளக்கு அவற்றைத் திசைமாற்றி நிலத்தின் பக்கம் செலுத்திவிடும். ஆதலின் விளக்கின்றி, விலகி நின்று, வனக்காவலர் சொற்படி காண்பதே முறை.

முடிவாக ஒன்று. கரையை அடைந்ததும் கொடியைப் பார்ப்போம். செங்கொடி பறக்குமாயின் இறங்கலாகாது. மேற்பாதி சிவப்பும் கீழ்ப்பாதி மஞ்சளுமான இரு கொடிகள் நட்டிருப்பின், அவற்றிற்கு இடைப்பட்ட பகுதியே உயிர்காப்போரின் கண்காணிப்பில் உள்ளது. கொடியும் இல்லை, காவலரும் இல்லை என்றால், அவ்வூர் மீனவரிடம் கேட்போம். அவர் இறங்க வேண்டாம் என்பாராயின், மணலில் அமர்ந்து கடலைக் கண்டு மகிழ்வதும் இன்பமே. மறுநாள் மீண்டும் வரலாம்.