யுத்தமும் குற்றக் கூண்டும்

1952 தீபாவளிக்கு வெளிவந்த ‘பராசக்தி’யில் மு. கருணாநிதியின் வசனத்தையே பலரும் மெச்சுவர். பாவலர் பாலசுந்தரத்தின் நாடகத்தினின்று பிறந்த அதன் கதையே நமக்கு முக்கியம்.

1941 டிசம்பரில் ரங்கூனில் ஜப்பானியர் குண்டு விழுந்தது. இராமநாதபுரம் ஜில்லாவினர் உள்ளிட்ட நம்மவர் இலட்சக்கணக்கில் ஓடிவந்தனர். காடும் மலையும் நம்மவருக்கு. வெள்ளையருக்கோ சர்க்கார் நல்வழியை ஒதுக்கித் தந்தது!

படத்தில், ரங்கூன் அண்ணன்மார் துணையின்றி மதுரையில் விதவையான கல்யாணி, பசியும் காமுகரும் துரத்த, குழந்தையை ஆற்றில் எறிந்து குற்றக் கூண்டில் நிற்கிறாள். விசாரிப்பவர் அவள் மூத்த அண்ணனே. (சட்டப்படி, அடையாளம் கண்டதும் விலகவேண்டியவர், படத்தில் மயங்கி விழுகிறார்!)

அவளை விசாரிக்கக் கோர்ட்டு இருந்தது. அந்த ராஜாங்கத்தை விசாரிக்க? பர்மா அரிசி நின்றபின், 1943-இல் வங்காளத்தில் பட்டினியால் இலட்சக்கணக்கானோர் மாண்டனர். கமிஷன் 1945-இல் அறிக்கை தந்தது, கூண்டேறினவர் எவருமில்லை.