தேனீ கொட்டியதால் நடந்த கல்யாணம்! - சிரிப்புக்குள் ஒரு பயத்தை ஒளித்துவைத்த பிரிட்ஜர்டன் நாவல்

தேனீ கொட்டினால் நாம் என்ன செய்வோம்? சுண்ணாம்பு தேடுவோம். லண்டன் பிரபு ஒருவருக்கோ அதனால் கல்யாணமே முடிந்துவிடுகிறது!

2022 மார்ச்சில் நெட்ஃப்ளிக்ஸில் வெளியான 'பிரிட்ஜர்டன்' இரண்டாவது சீசனைப் பார்த்தவர்கள் கேட் ஷர்மாவை மறந்திருக்க மாட்டார்கள். அக்கா, தங்கையாக நடித்த சிமோன் ஆஷ்லி, சாரித்ரா சந்திரன் இருவருமே தமிழ் வம்சாவளியினர் என்பதால் நம்மூரிலும் அந்த சீசன் பேசப்பட்டது. ஆனால், மூல நாவலில் அவள் கேட் ஷெஃபீல்டு, ஆங்கிலேயப் பெண். ஜூலியா குயின் 2000-ல் எழுதிய 'தி வைகவுன்ட் ஹூ லவ்டு மீ' அந்த நாவல். பிரிட்ஜர்டன் வீட்டுப் பிள்ளைகள் எட்டுப் பேர், ஆளுக்கொரு நாவல். இது இரண்டாவது.

மூன்று நிபந்தனைகள்

கதை நடப்பது 1814-ல். விருந்தும் நடனமுமாக லண்டனே வரன் பார்க்கும் 'சீசன்' அது. மூத்த மகன் ஆன்டனி, கல்யாணம் செய்துகொள்ள முடிவெடுக்கிறான். பெண் சுமாராகவாவது அழகாக இருக்க வேண்டும், முட்டாளாக இருக்கக் கூடாது. மூன்றாவது நிபந்தனைதான் விசித்திரம்: தனக்கு அவள்மீது காதல் வந்துவிடவே கூடாது!

எட்வினாவைத் தேர்ந்தெடுக்கிறான். அவளோ, 'அக்கா சம்மதித்தால்தான் கல்யாணம்' என்கிறாள். பெண்கள் விஷயத்தில் பேர் கெட்ட ஆன்டனியை, அக்கா கேட்டுக்குக் கண்டாலே ஆகாது.

அப்புறம் ரகளைதான். மரச் சுத்தியால் பந்தை அடித்து வளையங்களுக்குள் அனுப்பும் 'பால் மால்' ஆட்டத்தில், ஆன்டனியின் பந்தை ஏரிக்குள் அனுப்புகிறாள் கேட். பிரபு வீட்டுப் பிள்ளைகள் கள்ளாட்டம் ஆடுவதைப் படிக்கும்போது, லீவுக்குச் சேர்ந்த நம் வீட்டு வாண்டுகள் ஞாபகம் வரும்.

அப்பாவின் வயசு

காதலுக்கு ஏன் அத்தனை பயம்? ஆன்டனிக்கு 18 வயதானபோது, அவன் அப்பா தேனீ கொட்டி இறந்துபோனார். அப்போது அவருக்கு 38 வயது. தானும் அந்த வயதைத் தாண்டப்போவதில்லை என்று மனதுக்குள் முடிவே கட்டிவிட்டான். சீக்கிரம் போகப்போகிறவன் ஒருத்தியை நேசித்து என்ன ஆகப்போகிறது என்பது அவன் கணக்கு. 'அப்பா போன வயசைத் தாண்டிட்டா போதும்' என்று யாரிடமும் சொல்லாமல் நாளை எண்ணுகிறவர்கள் நம் வீடுகளிலும் உண்டுதானே?

கேட்டுக்கும் ஒரு பயம் உண்டு. இடி இடித்தால் நடுங்கிப்போவாள். மழை கொட்டும் ஓர் இரவில் மேஜைக்கு அடியில் ஒடுங்கிக் கிடப்பவளைப் பார்க்கும் ஆன்டனி கேலி செய்யவில்லை, துணைக்கு உட்காருகிறான். அங்கேதான் காதல் ஆரம்பம்.

பிறகு ஒருநாள் தோட்டத்தில் கேட்டின் நெஞ்சருகே தேனீ கொட்டுகிறது. பதறிப்போன ஆன்டனி விஷத்தை வாயாலேயே உறிஞ்சி எடுக்கப் பார்க்கிறான். சரியாக அந்த நேரம் பார்த்து அங்கே வருகிறார்கள் இருவரின் அம்மாக்களும், கூடவே ஊர்வம்பு பேசும் ஒரு சீமாட்டியும்! இனி அவளைக் கட்டிக்கொள்வதைத் தவிர அவனுக்கு வேறு வழியில்லை. நாம் சிரிக்கிறோம். அவன் கைகள் நடுங்குவது ஏன் என்பதும் நமக்குத் தெரியும்.

ஒரு நெருடலும் உண்டு. 'உனக்குச் சம்மதமா?' என்று கேட்டிடம் யாரும் நிதானமாகக் கேட்பதில்லை. பேர் கெட்டால் தங்கையின் வாழ்க்கையும் போய்விடும் என்ற காலம் அது. நாவல் அதைச் சிரித்தபடியே கடந்துவிடுகிறது. வெப் சீரிஸில் இந்தக் கட்டாயக் கல்யாணம் இல்லை. அங்கே தேனீ கொட்டுவதை யாரும் பார்ப்பதில்லை.

நெருக்கமான காட்சிகள் இருப்பதால் இது பெரியவர்களுக்கான நாவல். முதல் பாகம் படிக்காமலேயே இதை எடுக்கலாம். 38-ஐத் தாண்ட முடியும் என்று ஆன்டனி எப்போது நம்பத் தொடங்குகிறான்? அதை மட்டும் நீங்களே படித்துத் தெரிந்துகொள்ளுங்கள்!