மலையை விற்ற இரயில்

கனடாவின் கிழக்கையும் மேற்குக் கரையையும் இணைத்த பசிபிக் இரயில் பாதை 1885 நவம்பர் 7-ஆம் நாள் முடிந்தது. வழியில் ஊர்கள் குறைவு, புல்வெளியும் பனிமலையும்தான். பயணிகள் எங்கிருந்து வருவார்கள்?

கம்பெனியை நடத்திய வான் ஹோர்ன் மலையையே சரக்காக்கினார். 1883-இல் இரயில் தொழிலாளர் மூவர் கண்ட வெந்நீர் ஊற்றுக்கு அருகே, பான்ஃப் என்னுமிடத்தில், 1888-இல் பெரிய ஹோட்டல் திறந்தார். ஓவியர்களுக்கு இலவசப் பயணம் கொடுத்தார்கள். அவர்கள் தீட்டிய சிகரங்களைப் பார்த்துச் சீமான்கள் டிக்கெட் எடுத்தார்கள்.

புல்வெளி ஏழைகளுக்கு. அரசாங்கம் கம்பெனிக்குத் தந்த நிலம் இரண்டரைக் கோடி ஏக்கர், விற்றாக வேண்டுமே! கோதுமை பொன்னாய் விளையும் பூமி என்று ஐரோப்பாவெங்கும் துண்டுப் பிரசுரம் பறந்தது. கடுங்குளிரைப் பற்றி மட்டும் அடக்கி வாசித்தார்கள். ஆள் கட்ட வருகிறவர் பேச்சு எப்படியிருக்கும் என்று நம் தோட்டத்துப் பெரியவர்களுக்குச் சொல்லவா வேண்டும்?

அந்த மலைகளில் தலைமுறைகளாக வேட்டையாடியவர்கள் ஸ்டோனி நகோடா மக்கள். 1887-இல் அங்கே தேசியப் பூங்கா அமைந்தது. பிறகு வேட்டைக்குத் தடை வந்தது. ஆனால் விருந்தினர்முன் ஆடவும் குதிரைப் பந்தயம் ஓடவும் அவர்களையே அழைத்தார்கள். பான்ஃபில் அந்த விழா 1978 வரை நடந்தது.